தப்பியோட இயலாதோர் வாழும் கட்டடங்கள்: அந்தமான் தீவுகளில் மின், தீப் பாதுகாப்புக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

ஸ்ரீ விஜயபுரம்: வீட்டிலோ அலுவலகத்திலோ தீப்பிடித்தால் மனிதர் முதலில் செய்வது வாசலை நோக்கி ஓடுவதுதான். முதியோர் இல்லம், மருத்துவமனை, மனநலக் காப்பகம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் அது இயலாது. படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர், ஆக்சிஜன் குழாய் பொருத்தப்பட்ட நோயாளி, இன்குபேட்டரில் உள்ள பச்சிளங்குழந்தை, ஆபத்தை உணர இயலாத மனநோயாளி ஆகியோரை வேறொருவர்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அந்த வேறொருவர் வந்து சேரும் வரை அவர்களைக் காக்க வேண்டிய பொறுப்பு கட்டடத்தினுடையது. பராமரிப்பு நிலையங்களுக்கென வகுக்கப்பட்டுள்ள மின், தீப் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் இந்த ஒரே கருத்திலிருந்துதான் பிறக்கின்றன.

அந்தமான் நிகோபார் தீவுகளில் இந்தப் பொறுப்பு மேலும் கூடுகிறது. முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரம், சென்னையிலிருந்து வான்வழியில் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கப்பலில் வருவதற்குச் சுமார் 3 நாட்கள் ஆகும். தலைநகரத்திலிருந்து தென்கோடியில் உள்ள கேம்பல் பே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தமிழகத்தில் பெரிய தீ விபத்து நேர்ந்தால் அண்டை மாவட்டங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வரவழைக்கப்படும். தீவில் அந்த வாய்ப்பு இல்லை. உள்ளூரில் இருக்கும் வண்டி, ஆட்கள், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே நிலைமையைச் சமாளிக்க வேண்டும். இங்கு தீயணைப்புப் பணி காவல் துறையின் ஓர் அங்கமாக இயங்கி வருகிறது.

கடந்தகால விபத்துகள் கற்பித்தவை

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்ததில் 28 பேர் உயிரிழந்தனர். அங்கிருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததே உயிரிழப்பு இத்தனை பெரிதானதற்குக் காரணம். ஒரு வாரத்திற்குள் அப்பகுதியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, அவற்றில் இருந்த 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் சேர்க்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து இவ்வழக்கை விசாரித்தது. தீ எப்படித் தொடங்கியது என்பதைக் காட்டிலும், தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்களால் அசைய முடியவில்லை என்பதே ஏர்வாடி விட்டுச்சென்ற பாடம்.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் மூண்ட தீயில் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாகனம் நிறுத்துவதற்கான அடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருட்கள் குவிக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோரை நெருப்பு தொடவே இல்லை. கண்ணாடியால் மூடப்பட்ட கட்டடத்தில் மேலேறிய புகையே அவர்களின் மூச்சை நிறுத்தியது.

2021 ஜனவரி 9 அன்று அதிகாலை மகாராஷ்டிர மாநிலம் பண்டாரா மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்து 10 குழந்தைகள் உயிரிழந்தன. 7 குழந்தைகள் மீட்கப்பட்டன. 2023 புத்தாண்டு நாளின் அதிகாலையில் தெற்கு டெல்லியில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நேர்ந்த தீயில் 2 மூதாட்டிகள் இறந்தனர். 2024 மே மாதம் டெல்லி விவேக் விஹாரில் பச்சிளங்குழந்தைகள் மருத்துவமனை இரவில் எரிந்தது. அதன் உரிமம் ஏற்கெனவே காலாவதியாகியிருந்ததும், 5 படுக்கைகளுக்கே அனுமதி பெற்ற இடத்தில் 12 குழந்தைகள் வைக்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 இரவு, உத்தரப் பிரதேச மாநிலம் ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 குழந்தைகள் தீக்கு இரையாயின.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் சிறுமி உட்பட 6 பேர் உயிரிழந்தனர். தப்பிப்பதற்காக மின்தூக்கியில் ஏறியவர்கள், அது நின்றுவிட, உள்ளேயே மூச்சுத்திணறி மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டனர்.

இந்த நிகழ்வுகளில் சில பொதுக்கூறுகள் உள்ளன. பெரும்பாலானவை இரவிலோ அதிகாலையிலோ, பணியாளர்கள் குறைவாக உள்ள நேரத்தில் நேர்ந்தன. உயிரைப் பறித்ததில் நெருப்பைவிடப் புகைக்கே பங்கு அதிகம். பலவற்றில் மின்சாரக் கோளாறே தொடக்கமாகக் கருதப்பட்டது. தப்பும் வழி பூட்டியோ, அடைபட்டோ, தவறானதாகவோ இருந்தது.

'மின்கசிவு' என்ற ஒரே சொல்

தீ விபத்துச் செய்திகளில் 'மின்கசிவே காரணம்' என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியுள்ளன. அவற்றைத் தடுக்கும் கருவிகளும் வெவ்வேறானவை.

முதலாவது மிகைச் சுமை. ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுமே இருந்த அறைக்காக அமைக்கப்பட்ட கம்பியில், பிற்காலத்தில் குளிரூட்டி, நீர்சூடாக்கி, ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவை இணைக்கப்படுகின்றன. கம்பி தாங்கும் அளவைவிட அதிக மின்னோட்டம் பாயும்போது அதன் மேலுறை சூடேறி, இளகி, கருகுகிறது. இரண்டாவது ஷார்ட் சர்க்யூட் எனப்படும் குறுக்குச் சுற்று. மின்னோட்டம் வரும் கம்பியும் திரும்பும் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும்போது நொடிப்பொழுதில் பெரும் வெப்பம் எழுகிறது. இவ்விரண்டையும் எம்.சி.பி. எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பான் உணர்ந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால், கம்பியின் திறனுக்குப் பொருத்தமான அளவில் அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அடிக்கடி மின்சாரம் நின்றுபோகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டுப் பெரிய அளவுள்ளதைப் பொருத்துவது, பாதுகாப்பையே கழற்றி எறிவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதுதான் உண்மையான மின்கசிவு. பழுதடைந்த மேலுறை வழியாகச் சிறிதளவு மின்சாரம் ஈரச் சுவரிலோ கருவியின் உலோக உடலிலோ கசிகிறது. அளவு சிறியது என்பதால் எம்.சி.பி. அதை உணராது. அதற்கென உள்ளது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக உள்ளனவா என அது ஒப்பிடுகிறது. மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவிலும், தீயைத் தடுக்க 300 மில்லி ஆம்பியர் அளவிலும் இக்கருவிகள் பயன்படுத்தப்படுகின்றன. எர்த் எனப்படும் நில இணைப்பு சரியாக இருந்தால், உலோக உடலில் மின்சாரம் கசிந்த உடனேயே ஆர்.சி.சி.பி. செயல்பட்டுவிடும். நில இணைப்பு கெட்டிருந்தால், யாரேனும் அதைத் தொடும்வரை அந்தக் கசிவு மறைந்தே இருக்கக்கூடும்.

நான்காவது தளர்ந்த இணைப்பு. பிளக்கிலோ சுவிட்ச் பெட்டியிலோ திருகு தளர்ந்திருந்தால், அந்த இடத்தில் மின்தடை கூடி வெப்பமும் தீப்பொறியும் உண்டாகும். மின்னோட்டத்தின் அளவு கூடுவதில்லை, கசிவும் இல்லை. எனவே, எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இதைக் கண்டுகொள்வதில்லை. நிறம் மாறிய பிளக், கருகிய வாடை, மினுக்கும் விளக்கு ஆகியவையே இதன் அறிகுறிகள். மனிதக் கண்ணும், குறிப்பிட்ட இடைவெளியில் செய்யும் பரிசோதனையும்தான் இதற்கு முதன்மையான தடுப்பு. 24 மணி நேரமும் கருவிகள் இயங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தக் கோளாறு மிகவும் ஆபத்தானது.

அறுவை அரங்கு போன்ற இடங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. உயிர்காக்கும் கருவி இயங்கும்போது, சிறு கசிவுக்காக மின்சாரம் முழுவதும் நின்றுபோகக் கூடாது. அதனால், அத்தகைய இடங்களில் தனிமைப்படுத்தும் மின்மாற்றியும், கசிவு தோன்றினால் மின்சாரத்தை நிறுத்தாமல் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கண்காணிப்புக் கருவியும் பொருத்தும் முறை பின்பற்றப்படுகிறது.

உப்புக் காற்றும் டீசல் மின்சாரமும்

மேற்கூறிய நான்கு கோளாறுகளையும் தீவுச் சூழல் விரைவுபடுத்துகிறது. அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றில் ஈரமும் கடல் உப்பும் ஆண்டு முழுவதும் கலந்திருக்கின்றன. உப்புப் படலம் ஈரத்தை ஈர்த்து, மின்காப்புப் பொருளின் மீது மெல்லிய மின்பாதையை உருவாக்குகிறது. செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. இரும்புத் திருகுகள் துருப்பிடித்துத் தளர்கின்றன. மண்ணில் புதைக்கப்பட்ட நில இணைப்புத் தகடும் அதனுடன் இணைந்த கம்பியும் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கப்படுகின்றன. உள்நாட்டு நகரங்களில் பல ஆண்டுகள் தாங்கும் சுவிட்ச் பெட்டி, கடலோரத்தில் அதற்கு முன்பே பழுதாகிவிடும். எனவே, ஈயம் பூசிய செம்புக் கம்பிகள், ஈரமும் தூசியும் புகாத பெட்டிகள், அரிப்பைத் தாங்கும் இணைப்பிகள் ஆகியவற்றை இங்கு ஆடம்பரமாகக் கருத இயலாது.

தீவுகளின் மின்சாரம் நாட்டின் பெருந்தொகுப்புடன் இணைக்கப்படவில்லை. பெரும்பகுதி மின்சாரம் டீசல் மின்னாக்கிகளிலிருந்து கிடைக்கிறது. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் திறன் கொண்ட கல்போங் நீர்மின் நிலையமும், தெற்கு அந்தமானில் என்.எல்.சி. நிறுவனத்தின் சூரிய மின் நிலையமும் அதற்குத் துணை நிற்கின்றன. ஒவ்வொரு தீவும் தனித்தனிச் சிறு மின்தொகுப்பாக இயங்குவதால், மின்தடை நேரும்போது மருத்துவமனைகளும் இல்லங்களும் சொந்த மின்னாக்கியையோ இன்வெர்ட்டரையோ நம்ப வேண்டியுள்ளது. மின்சாரம் மாறும் தருணத்தில் எழும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் பழைய கம்பிகளையும் நுண்கருவிகளையும் பாதிக்கிறது. மின்னாக்கி அறையில் டீசல் சேமிக்கப்படுகிறது. இன்வெர்ட்டரின் ஈய அமில மின்கலங்கள் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகின்றன. இவ்விரண்டையும் நோயாளிகள் உறங்கும் இடத்திலிருந்து தீத்தாங்கும் சுவரால் பிரித்து, காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே உள்ள காலி இடம் இதற்கு ஏற்றதன்று. தப்பிச் செல்லும் வழியின் அடியிலேயே தீக்கான வாய்ப்பை வைப்பதாக அது முடிந்துவிடும்.

மின்தடையின்போது ஏற்றப்படும் மெழுகுவர்த்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவையும் உறங்குமிடங்களில் தவிர்க்கப்பட வேண்டியவை. மரம் மலிந்த இத்தீவுகளில் மரத்தாலான பழைய கட்டடங்கள் இன்னமும் பயன்பாட்டில் உள்ளன. சாத்தம் தீவின் மர அறுவை ஆலை 1883-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. மரச்சுவர்களுக்குள் செல்லும் பழைய கம்பிகளைக் கரையானும் எலியும் சேதப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

ஆக்சிஜன் கூடினால்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. மூடிய அறையில் அது 23 விழுக்காட்டைத் தாண்டும்போதே, துணி, மெத்தை, தலைமுடி ஆகியவை வழக்கத்தைவிட எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, எரிவதை வேகப்படுத்துகிறது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சிறு தீப்பொறிகூட நிமிடங்களில் பேரழிவாக மாறுவதற்கு இதுவே காரணம். குழாய்களில் கசிவு இல்லாமை, போதிய காற்றோட்டம், அவசரத்தில் அந்த அறைக்கான ஆக்சிஜனை நிறுத்தும் அடைப்பான் எங்குள்ளது என்பதைச் செவிலியர் அனைவரும் அறிந்திருத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. வீட்டுமுறைப் பராமரிப்பு இல்லங்களிலும் ஆக்சிஜன் செறிவூட்டிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. அவற்றைப் பல இணைப்புகள் கொண்ட நீட்டிப்புப் பெட்டியில் செருகாமல், நேரடியாகச் சுவர் பிளக்கிலேயே இணைக்க வேண்டும்.

விதிகள் கூறுவது என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இக்கட்டடங்களை 'நிறுவனக் கட்டடங்கள்' என்ற தனி வகையில் வைக்கிறது. மருத்துவமனைகள் முதல் உட்பிரிவிலும், முதியோர் இல்லங்களும் ஆதரவற்றோர் இல்லங்களும் இரண்டாவதிலும், சிறைகளும் மனநல நிலையங்களும் மூன்றாவதிலும் அடங்கும். இவ்வகைக் கட்டடத்தின் எந்த இடத்திலிருந்தும் வெளியேறும் வாயிலுக்கான நடைதொலைவு 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. தீத்தாங்கும் திறன் குறைந்த கட்டுமானம் எனில் வரம்பு 22.5 மீட்டர். மருத்துவமனை மாடிப்படியின் அகலம் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். படுக்கையோடு நோயாளியைத் தூக்கிச் செல்ல அந்த அகலம் தேவை. வெளியேறும் கதவுகள் வெளியேறும் திசையிலேயே திறக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சட்ட வலிமை கொண்டவை. மின்னமைப்புகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வு செய்ய அவை வகைசெய்கின்றன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் மின் ஆய்வாளருக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. கம்பி அமைப்பதற்கு இந்தியத் தரநிலை 732, நில இணைப்புக்கு 3043, கையடக்கத் தீயணைப்பான்களின் தேர்வுக்கும் பராமரிப்புக்கும் 2190 ஆகியவை வழிகாட்டுகின்றன.

மருத்துவ நிறுவனங்களின் பதிவுக்கான 2010-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தொடக்கத்திலேயே டெல்லி நீங்கலான யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும்படி இயற்றப்பட்டது. அந்தமானும் அதில் அடங்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் மருத்துவமனைப் பாதுகாப்புக்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கொரோனா காலத்தில் ராஜ்கோட் மருத்துவமனையில் நேர்ந்த தீ விபத்தைத் தொடர்ந்து, கொரோனா மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் மாதம் ஒருமுறையேனும் தீப் பாதுகாப்புத் தணிக்கை நடத்த வேண்டும் என 2020 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

சிறிய இல்லங்களின் பெரிய இடைவெளி

ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு பரிந்துரை ஆவணம். மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் கட்டட விதிகளில் அதைச் சேர்க்கும்போதுதான் அது கட்டாயமாகிறது. மேலும், அதன் தீப் பாதுகாப்புப் பகுதி முதன்மையாகக் கருத்தில் கொள்பவை 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டடங்களும், ஒரு தளத்தின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும் நிறுவனக் கட்டடங்களும்தான். குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்துப் பதினைந்து முதியவர்களைத் தங்கவைக்கும் இல்லம் இந்த அளவுகளுக்குள் வராமல் போகக்கூடும்.

ஆபத்தோ கட்டடத்தின் அளவைப் பார்த்து வருவதில்லை. நால்வர் வாழ்வதற்கென அமைக்கப்பட்ட மின்கம்பிகள் பதினைந்து பேரின் தேவையைச் சுமக்கின்றன. ஒரே வாசல், ஒரே மாடிப்படி, திருட்டுக்கு அஞ்சிப் பொருத்தப்பட்ட சன்னல் கம்பிகள் ஆகியவை குடும்ப வீட்டில் பெரிய குறைகளாகத் தெரிவதில்லை. அதே வீடு முதியோர் இல்லமாக மாறும்போது அவை உயிராபத்தாகின்றன. எனவே, கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், தாமாக வெளியேற இயலாதோர் எத்தனை பேர் என்பதையும் கணக்கிட்டு அனுமதி வழங்குவதே பொருத்தமாக இருக்கும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும் படிப்படியாக அமைக்கப்பட வேண்டும் என்கிறது. மூன்று மாவட்டங்கள் கொண்ட இத்தீவுகளில் எழும் புதிய இல்லங்களுக்குத் திட்ட நிலையிலேயே இக்கணக்கைச் சேர்க்க இயலும்.

வெளியேற்றுவதற்கு முன் அப்புறப்படுத்துதல்

படுக்கை நோயாளிகள் இருபது பேரை இரண்டு பணியாளர்கள் இரவில் மாடிப்படி வழியாக இறக்குவது நடைமுறையில் இயலாது. அதனால்தான் இக்கட்டடங்களுக்குக் கிடைமட்ட வெளியேற்றம் என்ற முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஒவ்வொரு தளமும் தீத்தாங்கும் சுவராலும் புகைபுகாக் கதவாலும் குறைந்தது இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் தீப்பிடித்தால், அங்குள்ளோரை அதே தளத்தின் மறுபகுதிக்கு இழுத்துச் சென்று கதவை மூடினால் போதும். தீயணைப்பு வீரர்கள் வரும்வரை அந்தக் கதவு நேரத்தை ஈட்டித் தருகிறது. தேவைப்பட்டால் மட்டுமே அங்கிருந்து கீழே இறக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பெரும் செலவில்லாத துணைகளும் உண்டு. படுக்கை விரிப்பிலேயே நோயாளியைச் சுற்றி, தரையோடு இழுத்துச் செல்ல ஒரே செவிலியரால் முடியும். புகை மேலே எழுவதால் தரையை ஒட்டிய காற்று ஓரளவு தூய்மையாக இருக்கும். காற்றுக்காகக் கதவின் கீழ் கட்டை வைத்துத் திறந்தே வைக்கும் பழக்கம் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் பயனற்றதாக்கிவிடும். அதேபோல், புகையுணரி ஒலித்தவுடன் குளிரூட்டும் அமைப்பு தானாக நின்றுவிட வேண்டும்; இல்லையெனில் அதுவே புகையை அறைதோறும் கொண்டுசேர்க்கும். உறங்குவோருக்குப் புகையின் மணம் தெரியாது. எனவே, சிறிய இல்லத்திலும் புகையுணரி தேவை.

மனநலக் காப்பகங்களிலும் மறதிநோயாளிகள் உள்ள இல்லங்களிலும் கதவைப் பூட்டுவதற்குக் காரணம் இருக்கலாம். அப்போது சாவி பணியாளரின் இடுப்பிலேயே இருக்க வேண்டும். மேலாளரின் மேசையில் இருக்கக் கூடாது. பெரிய கட்டடங்களில் எச்சரிக்கை ஒலித்தவுடன் தானாகத் திறந்துகொள்ளும் மின்பூட்டுகள் பொருத்தலாம். யாரையும் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

இரவுப் பணியும் மொழியும்

தீயணைப்பான்கள் சுவரில் தொங்குவது மட்டும் போதாது. மின்சாரத் தீயின் மீது, மின்சாரத்தை நிறுத்தும் முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரியமில வாயு அல்லது உலர்தூள் வகை தீயணைப்பானையே பயன்படுத்த வேண்டும். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பகுதியை நோக்கிக் குழாயைத் திருப்பி, கைப்பிடியை அழுத்தி, இருபுறமும் வீச வேண்டும். இதை ஒருமுறையேனும் கையால் செய்து பார்க்காத பணியாளர் நெருக்கடியில் தடுமாறுவார். ஒத்திகைகள் பெரும்பாலும் பகலில், அனைவரும் பணியில் உள்ள நேரத்தில் நடத்தப்படுகின்றன. இரவு 2 மணிக்கு இருவர் மட்டுமே பணியில் உள்ள நிலையில் என்ன செய்வது என்பதை ஒத்திகை பார்ப்பதே பயனுள்ளது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளில் வசிக்கும் சுமார் 3.8 லட்சம் பேரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, நிகோபாரி, மலையாளம் பேசுவோரும் கணிசமாக உள்ளனர். ஓர் இல்லத்தின் காவலர் ஒரு மொழியும், செவிலியர் மற்றொரு மொழியும், முதியவர் வேறொரு மொழியும் பேசுவது இங்கு இயல்பு. அறிவிப்புப் பலகைகள் படங்களுடன், அங்குள்ளோர் அறிந்த மொழிகளில் இருக்க வேண்டும். அவசரத்தில் கூவ வேண்டிய ஒரு சொல்லையாவது அனைவரும் பொதுவாகப் பழகியிருக்க வேண்டும்.

தீயணைப்பான்களுக்கான மறுநிரப்பல், ஆர்.சி.சி.பி., புகையுணரி போன்ற உதிரிபாகங்கள் பெரும்பாலும் கடல் கடந்து வருபவை. பழுதான பின் வாங்கலாம் என்று காத்திருந்தால், கப்பல் வரும்வரை கட்டடம் பாதுகாப்பின்றி இருக்கும். எனவே, மாற்றுப் பொருட்களைக் கையிருப்பில் வைத்திருப்பது அவசியம். தீவுகள் நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் உள்ளன என்பதும் கவனத்துக்குரியது. நிலநடுக்கத்துக்குப் பின் எரிவாயுக் குழாய், ஆக்சிஜன் குழாய், மின்பெட்டி ஆகியவற்றைச் சோதிக்காமல் மின்சாரத்தை மீண்டும் இயக்கக் கூடாது.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

பெற்றோரையோ குழந்தையையோ இத்தகைய நிலையத்தில் சேர்ப்போர், கட்டணத்தையும் உணவையும் விசாரிக்கும்போது பின்வருவனவற்றையும் பார்க்கலாம். இவற்றுக்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

* வெளியேற இரண்டாவது வழி உள்ளதா? அது பூட்டப்படாமலும், பொருட்கள் அடைக்கப்படாமலும் உள்ளதா?

* மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி. உள்ளதா? அதன் சோதனைப் பொத்தானைக் கடைசியாக அழுத்திப் பார்த்தது எப்போது?

* பிளக்குகள் நிறம் மாறியுள்ளனவா? ஒரே பிளக்கில் பல கருவிகள் இணைக்கப்பட்டுள்ளனவா?

* தீயணைப்பானின் அட்டையில் உள்ள காலாவதித் தேதி என்ன?

* இரவில் எத்தனை பணியாளர்கள்? எழ முடியாதோர் எத்தனை பேர்?

* மின் ஆய்வுச் சான்றும் தீயணைப்புத் துறையின் சான்றும் நடப்பில் உள்ளனவா? அனுமதிக்கப்பட்ட படுக்கைகளின் எண்ணிக்கை எவ்வளவு?

இக்கேள்விகளுக்குத் தயக்கமின்றி விடையளிக்கும் நிலையம், பாதுகாப்பைப் பற்றிச் சிந்தித்திருக்கிறது என்று கொள்ளலாம். தீ நேர்ந்தால் 112 அல்லது 101 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஆனால், தொலைவும் கடலும் சூழ்ந்த ஊரில் உதவி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்கள், அந்தக் கட்டடத்தின் கம்பிக்கும் கதவுக்கும் இரவுப் பணியாளருக்கும் உரியவை. அந்த நிமிடங்களுக்கான ஆயத்தத்தை, விபத்து இல்லாத நாட்களில்தான் செய்ய முடியும்.